கோயில் மண்டபத்தில் இலவச வைத்தியம்: மருத்துவம் படிக்காத எங்களுக்கு அங்கே என்ன வேலை?

#1 தொங்குவா தம்பி

எல்லோருக்கும் வணக்கம். பர்மாவில் தொங்குவா என்கிற எங்கள் ஊர் அம்மன் கோயில் மண்டபத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இலவச வைத்தியம் பார்ப்பது என்று கமிட்டியில் முடிவாகியிருக்கிறது. யாங்கூனிலிருந்து (பழைய ரங்கூன்) இரண்டு டாக்டர்கள் வர ஒப்புக்கொண்டார்கள். ஒருவர் தமிழ் நன்றாகப் பேசுவார், இன்னொருவர் பர்மியர். உதவிக்கு நாங்கள் எட்டுப் பேர். எட்டுப் பேரில் ஒருவருக்கும் மருத்துவம் தெரியாது. நான் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். டியூஷன் எடுக்கிற பெண்கள் இரண்டு பேர், சைக்கா (சைக்கிள் ரிக்‌ஷா) ஓட்டுகிற அண்ணன் ஒருவர், மீதிப் பேர் வயல் வேலை. எங்களைவிடச் சின்னவர்கள் பலர் தாய்லாந்துக்கும் மலேசியாவுக்கும் போய்விட்டார்கள்.

தீமிதிக்குக் கூட்டத்தை ஒழுங்குபடுத்தியிருக்கிறோம், அன்னதானத்தில் பரிமாறியிருக்கிறோம். நோயாளிகள் கூட்டம் அப்படி இருக்காது என்று தெரிகிறது. டாக்டர் பார்ப்பார், மருந்து எழுதுவார். நடுவில் எங்களுக்கு என்ன வேலை? ஏற்கனவே செய்தவர்கள் சொல்லுங்கள்.

எனக்கு இதில் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. என் அப்பாயிக்கு, அதாவது அப்பாவின் அம்மாவுக்கு, பிரஷர். தலைசுற்றல் நின்றுவிட்டது என்று அவராகவே மாத்திரையை நிறுத்திவிட்டார். போன வருஷம் ஒரு நாள் காலையில் எழுந்தபோது வலது பக்கம் விழுந்திருந்தது. வீட்டில் ஆறு பேர் இருந்தோம். மாத்திரை டப்பா இரண்டு மாதமாகக் காலியாகக் கிடந்ததை ஒருவரும் பார்க்கவில்லை.

#2 ஓய்வு நர்ஸம்மா

தம்பி, அப்பாயிக்கு இப்போது கை கால் எப்படி? உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்திருந்தால் விடாமல் செய்யச் சொல்லுங்கள். ஒரு வருஷம் கழித்தும் பலன் உண்டு.

நான் 34 வருஷம் அரசாங்க ஆஸ்பத்திரியில் இருந்தேன். இப்போது ஒன்பது வருஷமாக யாங்கூனில் ஒரு தர்ம கிளினிக்கில் இருக்கிறேன். அங்கே முதல் வேலை பெயர் எழுதுவது. அந்த மேசையில் கையெழுத்து அழகாக இருப்பவரை உட்கார வைக்காதீர்கள். ஊரைத் தெரிந்தவரை உட்கார வையுங்கள்.

ஏன் என்றால், நம் ஆட்களுக்கு வீட்டில் ஒரு தமிழ்ப் பெயர், அடையாளக் கார்டில் ஒரு பர்மியப் பெயர். எங்கள் கிளினிக்குக்கு ஒரு அம்மா வந்துகொண்டிருந்தார். ஒரு மாதம் மேசையில் தமிழ்ப் பெண் இருந்தாள், தமிழ்ப் பெயரைச் சொன்னார். அடுத்த மாதம் பர்மியப் பிள்ளை இருந்தான், கார்டைக் காட்டினார். எங்கள் பேரேட்டில் அவர் இரண்டு ஆளாகிவிட்டார். முதல் டாக்டர் ஒரு பிரஷர் மாத்திரை எழுத, இரண்டாவது டாக்டர் அதே மருந்தை வேறு கம்பெனிப் பெயரில் எழுத, அவர் இரண்டையும் ஒழுங்காகச் சாப்பிட்டிருக்கிறார். நாலாம் நாள் தண்ணீர்க் குழாயடியில் மயங்கி விழுந்து நெற்றியில் ஆறு தையல்.

அவர் மேல் ஒரு தப்பும் இல்லை, நாங்கள் சொன்னபடி கேட்டவர். தப்பு எங்கள் மேசையில். அதற்கப்புறம் இரண்டு பெயரும், தகப்பனார் பெயரும், வீடு எந்தக் கடைக்கு எதிரில் என்பதும் கேட்டு எழுதுகிறோம். பர்மாவில் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, கார்டிலும் அவரவர் பெயரோடு தகப்பன் பெயரைத்தான் எழுதுகிறார்கள். அதை விட்டால் ஆளைப் பிரித்துக் காட்ட வேறு வழியில்லை.

#3 பஸுன்டாங் மருந்துக்கடை

நர்ஸம்மா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வருகிறவர்கள் வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவர வேண்டும் என்று ஒரு வாரம் முன்பே வீடு வீடாகச் சொல்லுங்கள். எல்லா மாத்திரையும் என்றால் மளிகைக்கடையில் வாங்கிய பொட்டலமும் சேர்த்து.

அந்தப் பொட்டலம்தான் எனக்குப் பயம். நாலைந்து மாத்திரையை உறையிலிருந்து பிரித்து, கலந்து, சின்ன பிளாஸ்டிக் பையில் போட்டு இடுப்பு வலிக்கு ஒன்று, காய்ச்சலுக்கு ஒன்று என்று விற்கிறார்கள். நாற்று நடுகிற பெண்கள் தினம் ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டு வயலில் இறங்குகிறார்கள். வலி மாயமாகப் போய்விடும், ஏனென்றால் அதில் பல சமயம் ஸ்டீராய்டு இருக்கும். மாதக்கணக்கில் சாப்பிட்டால் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், வயிறு புண்ணாகும். திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து. அதனால் 'அதைத் தூக்கிப் போடு' என்று நீங்களாகச் சொல்லாதீர்கள். பொட்டலத்தை டாக்டர் மேசைக்குக் கொண்டுபோங்கள், அவர் பார்த்துக்கொள்வார்.

அப்புறம் மருந்து கொடுக்கிற இடத்தில் எப்போதும் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் எடுக்க, ஒருவர் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க. உறை மேல் எழுத்து மட்டும் போதாது. நம் பாட்டிமாரில் தமிழும் படிக்கத் தெரியாது, பர்மியும் படிக்கத் தெரியாது என்பவர்கள் பலர். காலைக்குச் சூரியன், ராத்திரிக்கு நிலா, எத்தனை மாத்திரையோ அத்தனை வட்டம் போடுங்கள். போட்டுக் கொடுத்துவிட்டு, 'இதை எப்போது சாப்பிடுவீர்கள், எனக்குச் சொல்லுங்கள்' என்று அவர் வாயால் சொல்ல வையுங்கள். புரிந்ததா என்று கேட்டால் எல்லோரும் தலையை ஆட்டிவிடுவார்கள்.

#4 பகோ வாத்தியார்

எல்லாம் சரி. ஆனால் யாரும் கேட்காத ஒன்றை நான் கேட்கிறேன். இதை எத்தனை மாதம் நடத்தப் போகிறீர்கள்?

எங்கள் பக்கத்தில் ஒரு சங்கம் இப்படித்தான் தொடங்கியது. பந்தல், ஒலிபெருக்கி, மாலை, முதல் நாளே முந்நூறு பேர். ஒரு கிழவரைப் பிடித்து நிறுத்தி, மாத்திரை வாங்குகிற மாதிரி மூன்று தடவை படம் எடுத்தார்கள். அவர் சட்டையில் பொத்தான் இல்லை. கையால் மாரை மூடிக்கொண்டு நின்றார். இன்றைக்கும் அது என் கண்ணில் நிற்கிறது. மூன்றாவது மாதம் கூட்டம் குறைந்தது, நாலாவது மாதம் டாக்டர் வரவில்லை, ஐந்தாவது மாதம் பெட்டியைக் கட்டிவிட்டார்கள்.

அந்தக் கிழவர் போன்றவர்கள் என்ன செய்வார்கள்? 'சாமி சந்நிதியில் கொடுத்த மாத்திரை தீர்ந்தது, வியாதியும் தீர்ந்தது' என்று இருந்துவிட்டார்கள். முன்பு கைக்காசு போட்டு வாங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட 'மறுபடி கோயிலில் கொடுப்பார்கள்' என்று காத்திருந்து நிறுத்தினார்கள். தொடங்காமலே இருந்திருந்தால் அவர்களுக்கு நல்லது என்று நான் நம்புகிறேன். கோபத்தில் எழுதவில்லை தம்பி. உங்கள் அப்பாயிக்கு நடந்ததேதான் அங்கேயும் நடந்தது.

#5 தொங்குவா தம்பி

வாத்தியார் ஐயா, படித்துவிட்டு நேற்று ராத்திரி தூக்கம் வரவில்லை. எங்கள் கமிட்டியும் திறப்பு விழாவைப் பற்றித்தான் இதுவரை பேசியிருக்கிறது. ஒரு வருஷத்துக்கு மாத்திரைக்கு எவ்வளவு ஆகும் என்று யாரும் கணக்குப் போடவில்லை.

அப்படியென்றால் தொடங்கவே வேண்டாமா?

#6 இளம் மருத்துவர்

நான் இந்த மாதிரி மூன்று இடங்களுக்குப் போகிறேன். தொடங்குங்கள், ஆனால் சின்னதாகத் தொடங்குங்கள்.

பிரஷரும் சர்க்கரையும் ஒரு நாள் முகாமுக்கு அடங்குகிற வியாதி இல்லை. ஆயுசு முழுக்க மருந்து. அதனால் முந்நூறு பேருக்கு ஒரு தடவை கொடுப்பதைவிட, நாற்பது பேரை எடுத்துக்கொண்டு பன்னிரண்டு மாதம் விடாமல் கொடுங்கள். இடம் காலியானால் அடுத்தவரைச் சேருங்கள். மற்றவர்களைப் பார்க்கலாம், ஆலோசனை சொல்லலாம், அரசாங்க ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதலாம். ஆனால் தொடர்ந்து கொடுக்க முடியாத மருந்தை முதல் மாதம் கொடுத்து ஆசை காட்டக் கூடாது. கமிட்டியிடம் இதைச் சொல்வது கஷ்டம்தான். கூட்டம் வந்தால்தான் கோயிலுக்குப் பெருமை என்று நினைப்பவர்கள் இருப்பார்கள்.

நீங்கள் எட்டுப் பேரும் கற்றுக்கொள்ள வேண்டியது பிரஷர் பார்ப்பது. பேட்டரி மெஷின் போதும், ஒரு பிற்பகலில் சொல்லிக் கொடுத்துவிடலாம். ஆனால் பெரும்பாலோர் தப்பாகப் பார்க்கிறார்கள். வெயிலில் நடந்து வந்தவரை உட்கார வைத்த உடனே பட்டையைச் சுற்றுகிறார்கள். ஐந்து நிமிஷம் சும்மா உட்கார வேண்டும். முதுகு நாற்காலியில் சாய்ந்திருக்க வேண்டும். இரண்டு பாதமும் தரையில், கால் மேல் கால் கூடாது. கை மேசை மேல், நெஞ்சு உயரத்தில். பட்டை தோலில் படவேண்டும், சட்டைக் கை மேல் சுற்றக் கூடாது. அரை மணி நேரம் முன்பு வரை டீயோ, புகையிலை போட்ட வெற்றிலையோ கூடாது. நடுவில் பேசவும் கூடாது. இத்தனையும் பார்த்து, ஒரு நிமிஷம் விட்டு இரண்டாவது தடவையும் எடுங்கள். 140க்கு 90 என்ற கோட்டை ஒட்டி இருப்பவர்களுக்கு இந்த ஒழுங்குதான் மாத்திரை உண்டா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிறது. அந்த நாற்காலியை யார் எப்படிப் போட்டார்கள் என்பதும் அதில் அடக்கம்.

மண்டபத்தில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், உடம்பு இளைப்பு, ராத்திரி வியர்வை என்று சொல்பவரை வெளித் திண்ணையில், காற்று வெளியே போகிற பக்கம் உட்கார வைத்து முதலில் அனுப்புங்கள். அவமானப்படுத்துகிற மாதிரி ஒதுக்காமல், 'ஐயா, இங்கே காற்றோட்டமாக இருக்கும்' என்று சொல்லுங்கள். டிபி என்று உறுதியானால் அரசாங்கத் திட்டத்தில் மருந்து இலவசம். ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் நாலு மருந்து, அப்புறம் நாலு மாதம் இரண்டு மருந்து. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் ரத்தம் போகிறது என்று பயந்து மூன்றாம் நாளே நிறுத்திவிடுவார்கள்.

#7 ஓய்வு நர்ஸம்மா

டாக்டர் தம்பி சொன்னதெல்லாம் சரி. வாத்தியாரின் வருத்தமும் எனக்குப் புரிகிறது. ஆனால் தொடங்காமலே இருப்பது நல்லது என்பதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை ஐயா. ஒரே ஒரு நாளில் நடந்ததைச் சொல்கிறேன்.

1980களில் பகோவுக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் தடுப்பூசி நாள். கூட்டம் வாசல் வரை. ஒரு பாட்டி மூன்று மாதக் குழந்தையோடு வந்து, 'பிள்ளைக்குத் தொண்டை கட்டிக்கொண்டது, கஷாயம் இருந்தால் கொடுங்கள்' என்றாள். வாசலில் இருந்தது ஒரு கூட்டுகிற அம்மா, பள்ளிக்கூடம் போகாதவர். தொண்டைக்கட்டுதானே என்று வரிசையில் நிறுத்தியிருக்கலாம். அவர் துணியை விலக்கிக் குழந்தையின் முகத்தைப் பார்த்தார். வாயைத் திறந்து முழு மூச்சாக அழுகிறது, ஆனால் சத்தம் வரவில்லை. அவர் பிள்ளையை வாங்கி எல்லோரையும் தாண்டி உள்ளே ஓடிவந்தார்.

அது பெரிபெரி. தாய்க்கு மூன்று மாதமாகப் பத்தியம்: தீட்டின அரிசிச் சோறு, கஞ்சியை வடித்துக் கொட்டிவிட்டு, உப்பும் சுட்ட கருவாடும் மட்டும். நம் பத்தியமும் இப்படித்தான், பர்மியர்களின் பிரசவப் பத்தியமும் இப்படித்தான். தாய்க்கு பி1 சத்து இல்லை, பாலிலும் இல்லை. குழந்தையின் இருதயம் வீங்கி மணிக்கணக்கில் போய்விடும். பி1 ஊசி போட்டோம். சாயங்காலம் அந்தப் பிள்ளை சத்தமாக அழுதது. இத்தனை வருஷத்தில் நான் கேட்ட சத்தங்களில் அதற்கு ஈடு இல்லை.

வாசலில் நிற்பவர் முகத்தைப் பார்க்க வேண்டும், தம்பி. டோக்கன் கொடுப்பவருக்கு இதைச் சொல்லி வையுங்கள்: மூச்சு வாங்குகிறவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருபவர், ஒரு பக்கம் வாய் கோணியவர், துவண்டு கிடக்கிற குழந்தை, பால் குடிக்காத குழந்தை, கர்ப்பிணியில் முகமும் கையும் வீங்கித் தலைவலி என்பவர். இவர்களுக்கு டோக்கன் கிடையாது, நேரே உள்ளே.

பிள்ளை பெற்ற வீடுகளுக்கு உங்கள் டியூஷன் பெண்களை அனுப்பிப் பருப்பு, முட்டை, மீன், கீரை, கைக்குத்தல் அரிசி சாப்பிடச் சொல்ல வையுங்கள். மாமியாரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும், மருமகளிடம் மட்டும் சொல்லிப் பயன் இல்லை.

#8 மௌல்மீன் அக்கா

நான் ஆள் கூட்டிப்போகிற வேலை செய்கிறேன். கிளினிக்கில் சீட்டு எழுதிக் கொடுத்தபின் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூடவே போவது. இதற்கு ஒரு படிப்பும் வேண்டாம், ஒரு நாள் கூலியை விடத் தயாராக இருந்தால் போதும்.

சீட்டு வாங்கியவர்களில் பாதிப் பேர் போக மாட்டார்கள். ஏன் போகவில்லை என்று கேட்டால் 'நேரமில்லை' என்பார்கள். உண்மை அதுவல்ல. நம் பெரியவர்களில் பலரிடம் சரியான கார்டு இல்லை. 1982 குடியுரிமைச் சட்டத்துக்கு அப்புறம் இளஞ்சிவப்புக் கார்டு, நீலக் கார்டு, பச்சைக் கார்டு என்று குடியுரிமையைத் தரம் பிரித்தார்கள். அப்பா அம்மா இங்கேயே பிறந்திருந்தும் காகிதம் இல்லாமல் எதுவும் கிடைக்காதவர்கள் உண்டு. ஆஸ்பத்திரி வாசலில் கார்டு கேட்பார்களோ என்று நினைத்தாலே கால் பின்வாங்குகிறது. கூட ஒருவர் இருந்தால் அந்தப் பயம் பாதியாகிறது.

இன்னொன்று பர்மியில் 'ஆனாடே' என்பார்களே, அடுத்தவர் மனம் நோகுமே என்ற கூச்சம், அது நம் ஆட்களுக்கும் ஒட்டிக்கொண்டது. இலவசமாகப் பார்க்கிற டாக்டரிடம் 'இந்த மாத்திரை எனக்கு ஒத்துவரவில்லை' என்று சொல்ல நாக்கு எழாது. டாக்டர் மனம் நோகுமே என்று 'நல்லா இருக்கு சயா' (டாக்டரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்) என்று சொல்லிவிட்டு, வெளியே வந்து என்னிடம், 'கால் வீங்குது பாப்பா, நான் சாப்பிடுறதில்லை' என்பார்கள். பிரஷர் மாத்திரை சிலதில் கால் வீக்கம் வரும், மாற்றிக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று டாக்டரே எனக்குச் சொல்லியிருக்கிறார். அதனால் எல்லாம் முடிந்து செருப்பு மாட்டுகிற இடத்தில் உங்களில் ஒருவர் சும்மா நில்லுங்கள். உண்மை அங்கேதான் வெளியே வரும். கேட்டதை அவரிடம் 'சொல்லட்டுமா' என்று அனுமதி வாங்கிக்கொண்டு டாக்டரிடம் சொல்லுங்கள், ஊரில் மற்றவர்களிடம் சொல்லாதீர்கள். சின்ன ஊரில் ஒருவருடைய வியாதி டீக்கடைக்குப் போய்விட்டால் அவர் திரும்ப வரமாட்டார்.

#9 வியாசர்பாடி பர்மா காலனி

சென்னையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் தாத்தா ரங்கூனில் வண்டிக்காரர். 1960களில் கடைகள் அரசுடைமையான பிறகு கப்பலில் குடும்பத்தோடு வந்தவர். அவருக்கு ஒரு தடவை வயிற்றில் கட்டி வந்து ரங்கூன் ராமகிருஷ்ணா மிஷன் ஆஸ்பத்திரியில் காசு வாங்காமல் அறுவை செய்தார்களாம். சாகும்வரை அந்தத் தழும்பைக் காட்டிக் காட்டிச் சொல்வார். அந்த ஆஸ்பத்திரியும் அரசாங்கத்துக்குப் போய்விட்டது என்பார்.

எங்கள் தெருவில் வசூல் செய்து மருந்தாக அனுப்ப நினைக்கிறோம். வீடுகளில் மிச்சம் இருக்கிற மாத்திரைகளையும் சேர்க்கலாமா?

#10 பஸுன்டாங் மருந்துக்கடை

அண்ணே, உங்கள் மனசுக்கு நன்றி. மிச்ச மாத்திரை வேண்டாம். யார் வீட்டு அலமாரியில் எந்தச் சூட்டில் இருந்தது என்று தெரியாது, தேதி கிழிந்திருக்கும், பத்து வகையில் நாலு நாலு மாத்திரை வந்தால் ஒரு நோயாளிக்கும் ஒரு மாதம் ஓடாது. சுங்கத்திலும் மாட்டிக்கொள்ளும்.

பணமாக அனுப்பினால் இங்கேயே வாங்கலாம், விற்பதில் நிறைய இந்திய மருந்துதான். விலைதான் கஷ்டம். 2021க்கு முன்னால் ஒரு டாலர் 1,300 சொச்சம் கியாட். 2024இல் வெளிச்சந்தையில் 4,000க்கு மேல் போய்விட்டது. இறக்குமதி மருந்து எல்லாம் அதோடு சேர்ந்து ஏறிவிட்டது. சில மாதம் பணம் இருந்தும் சரக்கு வராது. ஆகவே தம்பி, எப்போதும் மூன்று மாத இருப்பு கையில் வையுங்கள். கம்பெனி மாறினால் மாத்திரையின் நிறம் மாறும், அதையும் நோயாளிக்குக் காட்டிச் சொல்லுங்கள். வெள்ளை மாத்திரை சாப்பிட்டுப் பழகியவர் மஞ்சள் மாத்திரையைத் தொடமாட்டார்.

#11 தாளா கரை

இன்சுலின் பற்றி யாரும் பேசவில்லை. எங்கள் வீட்டில் அம்மாவுக்குப் போடுகிறோம், மின்சாரம் ஒரு நாளைக்குச் சில மணி நேரம்தான். திறக்காத குப்பி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், திறந்ததை வெளியே ஏறக்குறைய நாலு வாரம் வைக்கலாம், ஆனால் சித்திரை வெயிலில் எங்கள் தகரக் கூரை வீட்டில் அது முடியாது. பெரிய மண்பானைக்குள் சின்னப் பானை, நடுவில் ஈர மணல், மேலே ஈரத் துணி. ஃபிரிட்ஜ் அளவுக்கு வராது, இருந்தாலும் வெளிச் சூட்டைவிட நன்றாகக் குறைகிறது. கோடையில் எங்கள் ஊர்க் குளங்கள் வற்றிக் குடிக்கவே தண்ணீர் வண்டியை எதிர்பார்க்கிறோம், அதிலும் அந்த மணலுக்கு ஒரு செம்பு எடுத்து வைத்துவிடுவேன். உங்கள் நாற்பது பேரில் இன்சுலின் போடுபவர் இருந்தால் அவர் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள், எங்கே வைத்திருக்கிறார் என்று.

உண்டியல் பற்றியும் ஒரு வார்த்தை. சில இடங்களில் இலவசம் என்றால் மதிப்பில்லை என்று 500 கியாட், 1,000 கியாட் வாங்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த 500 இல்லாமல் திரும்பிப் போகிறவர் 'காசில்லை' என்று சொல்லமாட்டார், வராமலே இருந்துவிடுவார். யாங்கூனில் பாபேடான் முஸ்லிம் இலவச ஆஸ்பத்திரி 1937இலிருந்து எந்த மதத்தவரானாலும் பார்க்கிறது. நடிகர் சோ து முதலானவர்கள் 2001இல் தொடங்கிய இலவச ஈமச்சடங்குச் சங்கம், செத்தவருக்குச் செய்வதோடு நிற்காமல் உயிரோடு இருப்பவர்களுக்கும் இலவச கிளினிக் வைத்தது. மூடி போட்ட பெட்டி ஒன்றை வாசலுக்குத் தள்ளி, யார் போட்டார் யார் போடவில்லை என்று தெரியாத இடத்தில் வையுங்கள்.

#12 பகோ வாத்தியார்

நர்ஸம்மா, அந்தக் குழந்தையைப் பற்றிப் படித்தேன். நான் எழுதியதில் ஒரு வரியைத் திருத்திக்கொள்கிறேன். தொடங்கலாம். நாற்பது பேர், பன்னிரண்டு மாதம் என்பது எனக்குச் சம்மதம்.

படம் எடுப்பதை மட்டும் விடமாட்டேன். நன்கொடை கொடுத்தவருக்குக் கணக்கு காட்ட வேண்டும் என்றால் மருந்துப் பெட்டியைப் படம் எடுங்கள், ரசீதைப் படம் எடுங்கள், பேரேட்டின் அட்டையைப் படம் எடுங்கள். மனிதர் முகம் வேண்டாம்.

பாம்புக்கடியையும் மறக்காதீர்கள். உங்கள் பக்கம் நெல் அறுப்புக் காலத்தில் கண்ணாடி விரியன் அதிகம். அது கடித்தால் ரத்தம் உறையாது, சிறுநீரகம் கெட்டுப்போகும். கட்டுப் போட்டு இறுக்குவதும் கீறி உறிஞ்சுவதும் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் படுக்க வைத்து, விஷமுறிவு மருந்து இருக்கிற ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். எந்த ஆஸ்பத்திரியில் மருந்து இருப்பு இருக்கிறது, ராத்திரியில் யார் வண்டி கிடைக்கும் என்பதை இப்போதே விசாரித்து மண்டபச் சுவரில் எழுதி வையுங்கள்.

#13 தொங்குவா தம்பி

எல்லோருக்கும் நன்றி. இரண்டு முகாம் முடிந்துவிட்டது, அதனால்தான் இத்தனை நாள் எழுதவில்லை.

கமிட்டியில் சண்டை நடந்தது. நாற்பது பேர் என்றதும் 'ஊரை எப்படிப் பிரிப்பாய்' என்று கேட்டார்கள். வாத்தியார் ஐயா எழுதியதை, அந்தப் பொத்தான் இல்லாத சட்டையை, அப்படியே வாசித்துக் காட்டினேன். தலைவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் திறப்பு விழாவுக்கு ஒதுக்கிய பணத்தை மாத்திரைக்கு எழுதிவிட்டார். பந்தல் போடவில்லை.

முதல் ஞாயிறு 63 பேர் வந்தார்கள். தொடர் மருந்துக்கு 21 பேரைச் சேர்த்திருக்கிறோம், மீதி இடத்தை மெதுவாக நிரப்பலாம் என்று டாக்டர் சொன்னார். ஒருவருக்கு வாய் சரியாகத் திறக்கவில்லை, மூன்று விரல் நுழையவில்லை. முப்பது வருஷமாகப் புகையிலையோடு வெற்றிலை. அவரைச் சைக்கா அண்ணன் மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். பரிசோதனைக்குச் சதை எடுத்திருக்கிறார்கள், முடிவு இன்னும் வரவில்லை.

இரண்டாவது ஞாயிறு 21 பேரில் 19 பேர் வந்தார்கள். வராத இரண்டு பேர் வீட்டுக்கும் அன்று சாயங்காலமே போனோம். ஒருவர் மகள் வீட்டுக்குப் போயிருந்தார், மாத்திரையை எடுத்துப் போயிருக்கிறார். இன்னொரு அம்மா, பக்கத்து வீட்டுக்காரிக்கும் தலைவலி என்று தன் மாத்திரையில் பாதியை அவளுக்குக் கொடுத்துவிட்டார். திட்டுவோம் என்று பயந்து வரவில்லை. திட்டவில்லை. பக்கத்து வீட்டு அம்மாவுக்கும் அங்கேயே பிரஷர் பார்த்தோம், 170க்கு 100. இப்போது 22 பேர்.

பெயர் எழுதுகிற மேசை பற்றிச் சொல்லவேண்டும். ஊரைத் தெரிந்தவர் யார் என்று யோசித்து யோசித்து, கடைசியில் அப்பாயியைத் தூக்கி வந்து நாற்காலியில் உட்கார வைத்தோம். எழுத முடியாது, வலது கை மடியில் கிடக்கிறது. பேச்சும் கொஞ்சம் குழறும். ஆனால் படியேறி வருகிறவரைத் தூரத்திலேயே பார்த்து, தமிழ்ப் பெயர், பர்மியப் பெயர், தகப்பன் பெயர், எந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டாள் என்பது வரை சொல்கிறார். பக்கத்தில் டியூஷன் பெண் எழுதிக்கொள்கிறாள். ஒரு பர்மிய அம்மாவுக்குக்கூட, அவரே மறந்திருந்த சின்ன வயசுச் செல்லப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அந்த அம்மா அப்பாயியின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவில்லை. பேரேட்டில் முதல் எண் அப்பாயி. மாத்திரையை வாரத்துக்கு ஏழு அறை உள்ள டப்பாவில் நான்தான் போட்டு வைக்கிறேன், ராத்திரி கடையை மூடிவிட்டு வந்து அன்றைய அறை காலியா என்று பார்க்கிறேன்.

ஒரு உதவி வேண்டும். எங்கள் பிரஷர் மெஷின் பட்டை பருத்த கைக்குப் போதவில்லை, பிரிந்துகொண்டு வருகிறது. பெரிய அளவுப் பட்டை எங்கே கிடைக்கும்?

#14 ஓய்வு நர்ஸம்மா

சின்னப் பட்டையை இழுத்துச் சுற்றிப் பார்க்காதே தம்பி, இல்லாத பிரஷரைக் காட்டும். அப்படி எடுத்த அளவுகளை அடிக்கோடிட்டு வை, திரும்ப எடுக்கவேண்டும். என்னிடம் பெரிய பட்டை ஒன்று இருக்கிறது, உன் மெஷினின் கம்பெனியைச் சொல், குழாய் முனை பொருந்துகிறதா என்று பார்க்கிறேன். பொருந்தினால் ஞாயிற்றுக்கிழமை டாக்டரோடு கொடுத்து அனுப்புகிறேன். பொருந்தாவிட்டால் நானே மெஷினோடு வருகிறேன். அப்பாயியையும் பார்க்கவேண்டும்.